சிப்பியை அடித்த கை

ராபர்ட்டு,

போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய். நேரில் சொல்லலாம் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆமாம், பயம்தான். பெற்ற பிள்ளையிடம் ஒரு விஷயத்தைப் பேசுவதற்கு முன்னால் அவன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டிய நிலைமைக்கு நான் வந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். சிங்கப்பெருமாள் கோயிலில் உன் ரூமில் இருக்கிற பையன்கள் எல்லாம் ஷிப்டுக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து படி. கோபம் வந்தால் காகிதத்தைக் கிழித்துக்கொள். கிழித்த பிறகு பொறுக்கி வைத்து மறுபடியும் படி. கடைசி வரைக்கும் படிக்காமல் என்னிடம் பேச வராதே.

உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் கோயிலில் இரண்டு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருப்பது யாருக்காவது தெரிந்தால் சொல்ல வேண்டும் என்று ஃபாதர் வாசித்த இரண்டு தடவையும் நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த உன் சித்தி என்னை இடித்து, "இன்னாக்கா, புள்ளைக்கி கல்யாணம், மூஞ்சிய இப்டி வச்சிகினு கீற?" என்று கேட்டாள். அந்தத் தடை எனக்குத் தெரியும். அது என் வயிற்றில்தான் பிறந்தது. அந்தப் பெண்ணை உன்னோடு அனுப்பலாமா கூடாதா, இது ஒன்றுதான் இப்போது என் முன்னால் இருக்கிற கேள்வி. மண்டபம், பிரியாணி, நீ தைக்கக் கொடுத்திருக்கிற கோட்டு, இதெல்லாம் எனக்கு மயிருக்குச் சமம்.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம் நாய் சிப்பியை லாரி அடித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். ஸ்டெல்லாவிடமும் அதையேதான் சொன்னாய். அந்த லாரியைப் பெற்றவள் நான்தானே, எனக்குத் தெரியாதா? அன்றைக்கு உனக்கு வார லீவு. நான் ரிசார்ட்டில் துணியெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு, பிளீச்சிங் பவுடரில் வெந்த கையோடு மகாபலிபுரத்தில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை, அதற்குள் ஆரம்பித்தாய். "யம்மா, கல்யாணத்துக்கப்புறம் நீ அந்த வேலைக்கிப் போவக் கூடாது. எங்க கம்பெனி ஆளுங்கல்லாம் லீவு வுட்டா அந்த ரிசார்ட்டுலதான் வந்து தங்குறானுங்கோ. அவனுங்க படுத்த பெட்ஷீட்ட என் அம்மா தொவச்சிகினு கீதுன்னு தெரிஞ்சா என் மானம் இன்னாவறது?" என்றாய். நான் சொன்னேன்: "அந்தப் பெட்ஷீட்டுதான்டா உன்ன ஐடிஐ படிக்க வச்சிது. மானம் அழுக்காவுதுன்னா அதயும் கொண்டாந்து போடு, சேத்து தொவச்சித் தரேன்." காரமாகத்தான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. என் வாய் அப்படி. நீயும் வாயாலேயே திருப்பிக் கொடுத்திருக்கலாம், என் பிள்ளைக்கு வாயா இல்லை? நீ கையை ஓங்கினாய்.

ஓங்கினேனே தவிர அடிக்கவில்லையே என்பாய். அடிக்காததற்கு நீ காரணம் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்த சிப்பி எழுந்து பாய்ந்து உன் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டாள். கடிக்கவில்லை. பல் பதிந்த தடம்கூட இல்லை, நான் கிட்டத்திலிருந்து பார்த்தேன். மகாபலிபுரம் கடற்கரையில் சங்கும் சிப்பி மாலையும் விற்கிறவர்கள் காலடியில் குட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தவளைச் சட்டைக்குள் போட்டு எடுத்து வந்தது நீ. பெயர் வைத்ததும் நீ. உன்னைக் கடிக்க அவளுக்கு மனசு வருமா? வேண்டாம் என்று கையைப் பிடித்தாள், அவ்வளவுதான். அப்படிப் பிடித்ததற்குத்தான் கல்யாணப் பந்தலுக்காக இறக்கி வைத்திருந்த சவுக்குக் கட்டையில் ஒன்றை உருவினாய். எனக்கு வர வேண்டிய அடி எல்லாம் அவளுக்குப் போனது.

முதல் அடி இடுப்பில் விழுந்தது. பின்னங்கால் இரண்டும் மடங்கி அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நீ நிறுத்தவில்லை. ஒரு வார்த்தைக்கு ஒரு அடி. "என்னியே, கடிக்கிறியா, சோறு, போட்டவன, கடிக்கிறியாடி?" தொடையில், முதுகில், விலாவில், மறுபடியும் தொடையில். பாத்ரூம் சுவரோரம் போய் ஒண்டிக்கொண்டு கத்தினாள் பார், அந்தச் சத்தத்துக்குக் காலனியில் இருந்த நாய் அத்தனையும் வாயை மூடிக்கொண்டது. ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. "நிறுத்துடா பாவி, செத்துடும்டா!" என்று நான் உன் முதுகைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் இடித்துத் தள்ளினாய், அடிபம்பின் மேல் போய் விழுந்தேன். தோளில் இருக்கிற நீலம் இப்போதுதான் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. கட்டை முறிந்தது. நீ குனிந்து இன்னொன்றை எடுத்தாய். ராபர்ட்டு, கோபம் என்று நீ சொல்வதெல்லாம் முதல் கட்டை முறிந்ததோடு முடிந்துபோயிருக்க வேண்டும். குனிந்து இரண்டாவது கட்டையைத் தேடி எடுத்தவன் கோபத்தில் எடுக்கவில்லை. அதை நான் உன் கண்ணில் பார்த்தேன், அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

அதற்கப்புறம் நீ பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். சிப்பி பின்பக்கத்தைத் தரையில் இழுத்துக்கொண்டே சவுக்குத் தோப்பைத் தாண்டிப் போய், மணலில் கவிழ்த்துப் போட்டிருக்கிற உடைந்த ஃபைபர் படகின் அடியில் நுழைந்துகொண்டாள். நான் சட்டியில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். கருவாடு போட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். என் கை உள்ளே நீண்டால் அதற்கும் நடுங்கினாள். என்ன வெயில் அன்றைக்கு! அந்தப் படகைத் தொட முடியவில்லை, அப்படிக் கொதித்தது. அதன் அடியில் ஒரு நாள் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தாள்.

மறுநாள் சாயங்காலம் வந்தாய். கண்ணெல்லாம் சிவந்து வீங்கி, கையில் பொரித்த கோழிப் பொட்டலத்தோடு வந்தாய். மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு அழுதாய். அவளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "தெரியாம பண்ட்டேன்டி, மன்னிச்சிக்கடி" என்று தேம்பினாய். உன் முதுகு வலிக்கு நீ போடுகிற மாத்திரையைக் கோழித் துண்டுக்குள் வைத்து ஊட்டினாய். "வலி போய்டும்டி, போய்டும்டி" என்று சொல்லிச் சொல்லி மறுபடியும் ஒன்று ஊட்டினாய். கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். விடிந்த பிறகு அவள் போன ஒன்றுக்கு, வடிகட்டிய டிக்காஷன் மாதிரி கறுப்பாக இருந்தது. அதற்கப்புறம் ஒன்றுக்கே போகவில்லை. அவளைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டில் நாய்க்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா உன் தோள் உயரம்கூட இருக்க மாட்டார். லாரி மோதிவிட்டது என்று நீ சொன்னதும் சிப்பியின் முடியை விலக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "லாரி இப்படி வரிவரியா அடிக்காதும்மா" என்றார். நீ சுவரைப் பார்த்தாய், நான் கீழே பார்த்தேன். ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு வந்து உட்கார வைத்துச் சொன்னார். அடிபட்ட சதையெல்லாம் உள்ளுக்குள்ளேயே நைந்துபோய், அதில் இருக்கிற சாயம் ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தை அடைத்துவிட்டது. வெயிலில் தண்ணீர் இல்லாமல் கிடந்ததில் இருந்த கொஞ்ச நஞ்சமும் வறண்டுபோனது. "இதுக்கு மேல நீங்க ஒரு மாத்திரை குடுத்தீங்க பாருங்க, அது மனுஷங்களுக்கு உள்ளது. ஏற்கெனவே தவிச்சிக்கிட்டு இருக்கற கிட்னிக்கு வர்ற ரத்தத்தையும் அது சுருக்கிடும்" என்றார். கழிவெல்லாம் வெளியே போக வழியில்லாமல் ரத்தத்திலேயே தங்கி, வாயெல்லாம் புண்ணாகி, அவள் மூச்சில் மூத்திர நாற்றம் அடித்தது. பொட்டாசியம் என்று ஒன்று ஏறிக்கொண்டே போகிறது, அது அளவு தாண்டினால் இதயம் நின்றுவிடும் என்று சொல்லி, அதற்கு ஒரு ஊசி போட்டு நெஞ்சில் கம்பி மாட்டிவிட்டார். கொஞ்சம் தேறினால் மெட்ராசுக்கு அனுப்பி, மனுஷருக்குச் செய்கிற மாதிரியே ரத்தத்தைச் சுத்தம் செய்யலாம், பிழைக்க வழி இருக்கிறது என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் அங்கேயே கிடந்தோம்.

முதலில் டிரிப்பை வேகமாகத்தான் விட்டார். சிப்பி தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தாள். நீ குதித்தாய். மறுநாள் குழாய் வழியாகப் பையில் இறங்கும் மூத்திரத்தை அளந்து பார்த்துவிட்டு டிரிப் குழாயில் இருக்கிற சின்னச் சக்கரத்தைத் திருகிச் சொட்டுச் சொட்டாகக் குறைத்துவிட்டார். "எவ்வளவு வெளிய வருதோ அதுக்குத் தகுந்த மாதிரிதான் உள்ள விடணும். சக்கரத்தத் தொடாதீங்க" என்று உன்னைப் பார்த்தேதான் சொன்னார். உனக்கு அது பிடிக்கவில்லை. அவர் பக்கத்து அறைக்குப் போனார், குட்டி போட முடியாமல் ஒரு நாய் அங்கே துடித்துக்கொண்டிருந்தது. நீ பாட்டிலையே முறைத்துக்கொண்டு நின்றாய். "இன்னாம்மா இது, பிச்ச போடுற மாதிரி சொட்டு சொட்டா வுடுது இந்தம்மா? நேத்து வேகமா ஓடச்சொல்ல தலய தூக்கிச்சி, நீ பாத்தல்ல? தண்ணியே வுடலன்னா ஒன்னுக்கு எங்கேந்து வரும்?" என்றாய். சக்கரத்தை முழுக்கத் திருப்பிவிட்டாய். பாட்டில் காலியானதும் அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து நீயே மாட்டினாய்.

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் தலை என் மடியில் இருந்தது. எனக்கும் அது நல்லது என்றுதான் தோன்றியது. நம் ஜனத்துக்குக் காய்ச்சலா, தலைசுற்றலா, வயலில் மயங்கி விழுந்தாளா, எதுவானாலும் டாக்டரிடம் போனதும் முதலில் கேட்பது "ரெண்டு பாட்டில் ஏத்துங்க சார்" என்பதுதானே? ஏற்றாத டாக்டரை நாம் டாக்டராகவே மதிப்பதில்லை. கண்ணாடிப் பாட்டில் தொங்கினால் உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே விட்டது வெளியே போக முடியாத உடம்பு என்று ஒன்று இருக்கும் என்பது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் சிப்பி கழுத்தை நீட்டி மூச்சுக்கு அலைந்தாள். முன்னங்கால் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தாள். நாக்கு நீலமாகிவிட்டது. மூக்கிலிருந்து இளஞ்சிவப்பாக நுரை என் புடவையில் வழிந்தது. டாக்டரம்மா ரத்தக் கையோடு ஓடிவந்து டிரிப்பைப் பிடுங்கி எறிந்தார், ஆக்சிஜன் வைத்தார், ஊசி போட்டார், நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். நுரையீரலில் தண்ணீர் நிறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே அமுக்கினார். என் மடியில் இருந்த தலை கனத்துப்போனது.

அவர் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ அவரை அறைந்தாய். "கொன்னுட்டியேடி! ரெண்டு நாளா தண்ணி காட்டாம கொன்னுட்டியேடி!" என்று கத்தி, கோட்டுக் காலரைப் பிடித்துச் சுவரில் மோதினாய். உதடு கிழிந்து வெள்ளைக் கோட்டில் ரத்தம் சொட்டியது. மருந்து அலமாரியை உதைத்து நொறுக்கினாய். பக்கத்து அறையில் அந்த நாய் வயிறு கிழிந்தபடி மேசையில் கிடக்க, உதவிக்கு இருந்த பெண் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு அலறினாள். நான் உன் காலைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தேன். பிறகு சிப்பியின் மேல் விழுந்து குழந்தை மாதிரி அழுதாய். அதைப் பார்த்துவிட்டு வாசலில் நின்ற ஒருத்தர், "பாவம், ரொம்ப பாசம் வச்சிக்கீறாரு போல" என்றார். பாசமாம்!

நீ வண்டி பிடிக்கப் போன நேரத்தில் டாக்டரம்மா வாஷ்பேசினில் வாயைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார். "சக்கரம் முழுசாத் திறந்திருந்துது. யார் திறந்ததுன்னும் தெரியும். இப்ப அவர்கிட்ட சொல்லாதீங்க, ஏதாவது பண்ணிக்குவார். நான் போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுக்கணும். கல்யாணம் வச்சிருக்கறதா சொன்னீங்க, அதான் யோசிக்கிறேன்." எனக்கு நன்றி சொல்லத்தான் வாய் வந்தது, சொன்னேன். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பற்றிக்கொண்டு வந்தது. உதடு கிழிந்த பெண், கிழித்தவன் ஏதாவது செய்துகொள்வானோ என்று கவலைப்படுகிறாள். உன் சித்தி உனக்கு மனசு ஒடிந்துபோய்விடும் என்று சோறு ஊட்டுகிறாள். நீ தோப்பில் குழி தோண்டி மண்ணில் தலையை மோதிக்கொண்டபோது காலனியே உன்னைத் தூக்கிப் பிடித்தது. எல்லோரும் உன்னையே நினைக்கிறார்கள். கல்யாணப் பெண்ணை ஒருத்தர் நினைக்கவில்லை.

ஆகையால் நான் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள். சிப்பியின் மூச்சை நிறுத்தியது அந்தச் சக்கரம். திருப்பியது நீ. டாக்டரம்மா இல்லை. அதற்காக நான் உன்னைத் திட்ட மாட்டேன், யார் திட்டினாலும் விட மாட்டேன். மாத்திரையும் அப்படித்தான். தெரியாமல் செய்தாய், அவள் பிழைக்க வேண்டும் என்று செய்தாய். ஆனால் சவுக்குக் கட்டை தெரியாமல் செய்தது இல்லை. டாக்டரம்மாவின் உதடு தெரியாமல் கிழிந்தது இல்லை. நீ அழுகிற அழுகையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்காதே. தெரியாமல் செய்ததற்கு அழுதுவிட்டு, தெரிந்து செய்ததையும் அதோடு சேர்த்துக் கழுவிவிடலாம் என்று பார்க்கிறாய். துணி துவைக்கிறவளிடம் அது நடக்காது.

உன் அப்பாவின் ரத்தம் என்று சொல்லி உன்னைத் தப்பிக்கவிடவும் மாட்டேன். அவர் சவுக்கு லோடு ஏற்றுகிறவர், கை இரும்பு. அடிப்பார். அடித்த அன்றைக்கே செய்யூருக்குப் போய் பரோட்டாவும் சால்னாவும் பார்சல் வாங்கிக்கொண்டு வந்து, என் வீங்கின வாய்க்குப் பிய்த்துப் பிய்த்து ஊட்டுவார். நம் வீட்டில் பரோட்டா என்றால் அதுதான் நாள். உனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயசுகூட இல்லை. ஒரு நாள் என் புடவையைப் பிடித்து இழுத்து, "யம்மா, இன்னிக்கி அப்பா உன்ன அடிக்குமா?" என்று ஆசையாகக் கேட்டாய். பிள்ளைக்குப் பரோட்டா தின்ன வேண்டும்! நான் சிரித்தேன், ராபர்ட்டு. சிரித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன். அடுத்த தடவை அவர் கை ஓங்கியபோது அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மீன் குழம்பை அப்படியே அவர் காலில் கவிழ்த்தேன். தோல் உரிந்து வந்தது. நீ ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்து வாயைக் குவித்து ஊதிவிட்டாய். என் பிள்ளைக்கு இளகின மனசு என்று அதை வைத்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் சாகிற வரைக்கும் அதற்கப்புறம் என் மேல் கை வைக்கவில்லை. ஆனால் நினைத்துப் பார், எந்த நேரத்தில் எந்தப் பெண்ணின் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்?

அடிக்கிறவன் எல்லாம் அன்பில்லாதவன் என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்! காறித் துப்பிவிட்டுப் போய்விடலாம். உன் அப்பாவுக்கு என் மேல் உயிர். உனக்குச் சிப்பி மேல் உயிர். ஸ்டெல்லா மேலும் உனக்கு உயிர் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தலைவலி என்றால் நீ ஷிப்டு முடிந்து தூங்காமல் செங்கல்பட்டுக்கு ஓடுகிறாய். அதைப் பார்த்து எல்லோரும் பூரித்துப்போகிறார்கள், நான் நடுங்குகிறேன். அவள் வாய் பேசுகிறவள். என்னைப் போலவே சுருக்கென்று பேசுவாள். ஒரு நாள் அவளும் உன் மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாள். அன்றைக்கு உன் கையைக் கவ்விப் பிடிக்க வீட்டில் சிப்பி இருக்க மாட்டாள்.

அதனால் நேற்று முன்தினம் நான் செங்கல்பட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற இடத்தில் காத்திருந்து, பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். லாரி இல்லை என்று சொன்னேன். முதல் கட்டையையும் சொன்னேன், இரண்டாவது கட்டையையும் சொன்னேன். மாராப்பை விலக்கித் தோளைக் காட்டினேன். மாத்திரையை, டிரிப்பை, டாக்டரம்மாவின் உதட்டை, ஒன்றையும் மறைக்கவில்லை. நீ அழுததையும் சொன்னேன், அதை மறைத்தால் உனக்குத் துரோகம். டீ ஆடை கட்டி ஆறிப்போனது, அவள் தொடவில்லை. கத்துவாள், என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அத்த, அடிச்ச மறுநாளு அவுரு போய்க் கூப்ட்டாருல்ல, சிப்பி வந்துச்சா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "வந்துச்சிம்மா. நான் கூப்ட்டு வரல. அவன் ஒரு தபா கூப்ட்டான், வந்துட்சி. நடக்க முடியாம வயித்தால தேச்சிகினே வந்துச்சி. வால ஆட்டிகினே வந்துச்சி."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கடையில் இருக்கிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "நானும் வந்துருவேன் அத்த. எனக்கு அவர அவ்ளோ புடிக்கும். அடிச்சாலும் கூப்ட்டா வந்துருவேன். அதான் எனக்கு பயமா கீது" என்றாள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் இதைச் செய், அதைச் செய் என்று அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்று மத்தியானம் போன் செய்தாள். மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டாம் என்று ஃபாதரிடம் அவளே போய்ச் சொல்லிவிட்டாளாம். "இப்பத்திக்கி வேணாம்னு சொல்லிக்கீறேன். எப்போன்னு என்ன கேக்காதீங்க அத்த, எனக்கே தெரியாது" என்றாள். அவள் அப்பா அம்மாவிடமும் சொல்லிவிட்டாள். இங்கே பந்தல்காரரிடம் சொல்லி மிச்சக் கட்டைகளை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன்.

இப்போது உனக்கு என் மேல் வருகிற கோபம் எனக்குத் தெரிகிறது. பெற்றவளே கெடுத்துவிட்டாள் என்று சொல்வாய். சொல்லிக்கொள். சித்தியும் அதைத்தான் சொல்கிறாள், காலனியும் சொல்லும். நான் ரிசார்ட்டு வேலையை விடப் போவதில்லை, என் வாயும் மாறப் போவதில்லை, என் பிள்ளை என்று உன்னை நினைப்பதும் மாறப் போவதில்லை. நீ பசியோடு வந்தால் சோறு இருக்கும். முதலில் செங்கல்பட்டுக்குப் போ. டாக்டரம்மாவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, சக்கரத்தைத் திருப்பியது நான்தான், உங்களை அடித்தது தப்பு, கம்ப்ளெயின்ட் கொடுங்கள் என்று சொல். அவர் கொடுத்தால் ஸ்டேஷனுக்குப் போய் நில். வக்கீலைத் தேடி ஓடாதே, கல்யாணப் பையன் என்று கெஞ்சாதே. அங்கே அழுகை வந்தால் வெளியே வந்து அழு. உன் கையைப் பார்த்து நான் பயப்படுகிற மாதிரி நீயும் பயப்படக் கற்றுக்கொள். அதைக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் போய்க் கேள். பெரியாஸ்பத்திரியில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இருக்கிறார் என்கிறார்கள், வெட்கப்படாமல் போ.

ஸ்டெல்லா விஷயத்தில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் பஸ் இறங்குகிற இடத்தில் போய் நிற்காதே. எதையும் வாங்கிக்கொண்டு போகாதே. அழுது மெசேஜ் அனுப்பாதே. உன் கை உன் பேச்சைக் கேட்கிறது என்று உனக்கே நிச்சயமாகத் தெரிகிற நாள் வரைக்கும், அது எவ்வளவு காலமானாலும், அவளைக் கூப்பிடாதே. நீ கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள்.

அம்மா